இடது சக்கரம் மடிந்த ஹெரால்டு: ஓர் உதிரிப்பாகத் தேடலின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணி அளவில், தருமபுரியிலிருந்து பாலக்கோடு செல்லும் சாலையில் ஒரு டீக்கடையின் முன் வண்டியைத் திருப்புவதற்காக ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது, என்னுடைய 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3-இன் இடது முன்சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து படுத்துக்கொண்டது. வண்டி அப்போது ஆள் நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்துகொண்டிருந்தது என்பதால் யாருக்கும் அடி இல்லை. டீக்கடைக்காரரின் பெஞ்சு ஒன்று மட்டும் ஓரடி நகர்ந்தது. முந்தைய நாள்தான் இதே வண்டியில் தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்கிச் சேலம் போய்த் திரும்பியிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அன்று உடைந்த பாகத்துக்கு மாற்றுத் தேடி நானும் நண்பர்கள் நால்வரும் ஐந்து மாதம் அலைந்தோம். காவேரிப்பட்டணத்தில் மாம்பழ மண்டி வைத்திருப்பவரும் 1978-ஆம் ஆண்டு பத்மினி ஒன்றின் உரிமையாளருமான ஒருவர், தருமபுரியில் அம்பாசடர் மார்க் 2 வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், சொந்தமாக வண்டி எதுவும் இல்லாமலேயே எங்கள் எல்லோருடைய வண்டிகளையும் தன்னுடையதாக நினைக்கும் கிருஷ்ணகிரி ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் ஆகியோரே அந்த நால்வர். பழைய வண்டிகளிலிருந்து எந்தப் பாகத்தை எடுத்து மாட்டலாம், எதை எடுத்தாலும் மாட்டக் கூடாது என்பதில் நாங்கள் கொண்டிருந்த எண்ணம் இந்தத் தேடலில்தான் மாறியது. அந்த மாற்றம் எங்கே, எதனால் நிகழ்ந்தது என்பதைப் பதிவு செய்வதே இங்கே நோக்கம்.

வண்டியும் உடைந்த பாகமும்

இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. பம்பாய் குர்லாவில் ஃபியட்டும் வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசடரும் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த கார் இதுதான். 63 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் (போர்) 76 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் (ஸ்ட்ரோக்) கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின், 948 சிசி. நான்கு கதவு கொண்ட மார்க் 3 இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது.

ஃபியட், அம்பாசடர் இரண்டிலும் உடலே சட்டமாக இருக்கும். ஹெரால்டிலோ லாரியைப் போலச் சேஸிஸ் தனியாகவும் உடல் தனியாகவும் இருக்கும். உடலும்கூட முன்பக்கம், நடுப்பகுதி, பின்பக்கம் என்று துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டதுதான். முன்மூடி, இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். கேஸ் கட்டரைத் தொடாமல் ஸ்பானர் ஒன்றைக் கொண்டே ஒரு ஹெரால்டின் பாதியைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிவிடலாம் என்பதால், கைவிடப்பட்ட வண்டியிலிருந்து பாகம் எடுப்பவர்களுக்கு இதைவிட வாகான கார் அமையாது. எங்கள் முதல் நம்பிக்கைக்கும் இதுவே காரணம்.

உடைந்தது வெர்டிகல் லிங்க் எனப்படும் செங்குத்துத் தண்டு. முன்சக்கரம் சுழலும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலைத் தாங்குகிற இந்த வார்ப்படமல்லாத, அடித்துருவாக்கிய எஃகுத் தண்டின் மேல்முனை பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டில் நிற்கிறது. மரை (திருகுப் புரி) வெட்டிய கீழ்முனை ட்ரன்னியன் என்ற வெண்கலக் குடுவைக்குள் திருகி இறங்குகிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இந்த மரை குடுவைக்குள் கொஞ்சம் திருகிக் கொஞ்சம் அவிழ்கிறது. அதாவது, மற்ற வண்டிகளில் கிங் பின்னும் புஷ்ஷும் செய்கிற வேலையை இங்கே ஒரு மரை செய்கிறது. ஹெரால்டு சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அன்றும் இன்றும் அதன் பெருமை. சக்கரம் அவ்வளவு கூர்மையாக ஒடிவதால் அந்த மரையின் மேல் விழும் பாரமும் சாதாரணமானது அல்ல.

அந்தக் குடுவைக்குள் போட வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். தொண்ணூறாம் எண் ஆயிலைக் கன் மூலம் அழுத்தினால் அது மரையின் அடி வரை இறங்கி, மேலே கசிந்து வரும். கிரீஸோ பாதி வழியிலேயே நின்று காலப்போக்கில் கெட்டியாகிவிடுகிறது, அதற்குக் கீழே மழைநீர் தங்குகிறது, துரு மரையின் பள்ளங்களை அரிக்கிறது, அரிப்பு விரிசலாகிறது. என் வண்டியை நான்கு ஆண்டுகளாகச் சர்வீஸ் செய்துவந்த பட்டறையில், எல்லா வண்டிக்கும் அடிப்பதைப் போலவே இதற்கும் கிரீஸ் அடித்துவந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்; கையேட்டை வாங்கி வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படிக்காதவனும் நானே.

உடைந்த தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது முறிவு மரை முடியும் இடத்தில், குடுவையின் வாய்க்குச் சற்று மேலே இருந்தது. முறிந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு காப்பித்தூள் நிறத்தில், வழவழப்பாக, மெல்லிய வளையங்களோடு காணப்பட்டது. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அப்போதுதான் உடைத்த சர்க்கரைக்கட்டியைப் போலச் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. காப்பித்தூள் நிறப் பகுதி பல மாதங்களுக்கு முன்பே விட்டுப்போயிருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த மூன்றில் ஒரு பங்குதான்.

காயலாங்கடைகளில் எது மிஞ்சும்

முதல் மூன்று வாரங்கள் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் காரிமங்கலத்திலும் உள்ள காயலாங்கடைகளில் கழிந்தன. ஹெரால்டு என்ற பெயரைச் சொன்னால் இப்போது கடையில் நிற்கும் பையன்களுக்குத் தெரிவதில்லை. “முன்மூடி மட்கார்டோட சேர்ந்து முன்னாடி கவுருமே, அந்த வண்டி” என்று சொன்னால் உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, “டாக்டருங்க வெச்சிருப்பாங்களே, அதுவா?” என்பார். கேட்க வேண்டியது அந்தப் பெரியவரைத்தான் என்பதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு நான்கு கடைகள் தேவைப்பட்டன.

கண்டம் செய்த வண்டி ஒன்று கடைக்குள் வந்ததும் என்ன நடக்கிறது என்பதை அந்த வாரங்களில் உன்னிப்பாகப் பார்த்தோம். பாட்டரியின் ஈயம் அன்றே போகிறது. ஒயரிங்கின் செம்பு, டைனமோவின் சுருள், ரேடியேட்டர் ஆகியவை அடுத்து. கார்புரேட்டர், பம்பு போன்ற வெள்ளை உலோக வார்ப்புகள் அதற்கும் அடுத்து. இரும்பு கடைசியில்தான் கட்டருக்குப் போகிறது. இந்த வரிசையை அறிந்தபோது, எங்களுக்கு வேண்டிய ட்ரன்னியன் ஏன் எந்தக் கடையிலும் இல்லை என்பதும் விளங்கிவிட்டது. அது வெண்கலம். கடைக்காரரின் கண்ணுக்கு அது ஹெரால்டின் பாகம் அல்ல, பித்தளை விலைக்குப் போகும் ஒரு கட்டி. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் கழற்றி, அது பொருந்தியிருந்த தண்டை இரும்புக் குவியலில் எறிந்துவிடுகிறார்கள். தட்டு வாங்கிய தண்டு கிடைத்தாலும் நம்புவதற்கில்லை.

வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் குறுக்குப் பட்டைகளுக்கு வேறொரு விதி. பட்டை எஃகுக்கு இந்தப் பக்கத்துக் கொல்லர்களிடம் என்றும் மவுசு உண்டு; நல்ல அரிவாளுக்கு வண்டிப் பட்டையைவிடச் சிறந்த இரும்பு இல்லை என்பது அவர்கள் கருத்து. இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ ஹெரால்டுகள் இப்போது மாட்டுத் தீவனம் வெட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

எடைக்கு விலை போகாதவை மட்டுமே கடைகளில் மிஞ்சுகின்றன. கண்ணாடி, ஸ்பீடோ மீட்டர், டிக்கியின் பூட்டு, கதவுக் கைப்பிடி, ஜன்னல் ஏற்றும் சுழற்றி, விளக்குகளின் நிறக்கண்ணாடி. பழைய வண்டிக்காரர்கள் காயலாங்கடையிலிருந்து அலங்காரப் பொருட்களையே எடுத்துவருகிறார்கள் என்று பட்டறை மெக்கானிக்குகள் கேலி பேசுவதுண்டு. அங்கே மிஞ்சுவதே அவைதாம் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. மண்டிக்கார நண்பர் இந்த வாரங்களில் எங்களுக்குப் பெரிதும் உதவினார். வேண்டிய பொருளைக் கையால் தொடாமல், வேண்டாத ரிம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் பேரம் பேசிவிட்டு, போகிற போக்கில் “அந்த ஸ்பீடோ மீட்டரையும் சேர்த்துப் போடுங்க” என்பார். மாங்காய் ஏலத்தில் பழகிய முகம், எதையும் காட்டிக்கொடுக்காது.

பேரிங்குகளுக்காகவும் ஆயில் சீல்களுக்காகவும் நாங்கள் ஒரு நாள்கூடச் செலவிடவில்லை. பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் தெரிந்தால் போதும். எந்த ஊர்ப் பேரிங் கடையிலும் புதிதாகவே கிடைக்கும். இவற்றையும் பழைய வண்டியிலிருந்து உருவி எடுத்துப் பெருமைப்படுகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

மாந்தோப்பில் ஒரு வண்டி

எலக்ட்ரீஷியன் நண்பர் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு தோப்பில் போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மாற்றப் போனபோது, கோழிகள் இறங்கி ஏறும் கூண்டு ஒன்றுக்கு நான்கு கதவு இருப்பதைக் கவனித்திருக்கிறார். மறு வாரம் ஐவரும் போனோம். பெங்களூரா மாமரம் ஒன்றின் அடியில், அச்சு வரை மண்ணில் புதைந்து, கூரை மீது சருகு மக்கிக் கிடக்க, மார்க் 3 ஒன்று நின்றது. தோப்புக்காரரான அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டி அவருடைய கணவருடையது; அவர் காலமான ஆண்டே அதை அங்கே நிறுத்தியதாகவும், அதன்பின் சாவியைத் தேடவே இல்லை என்றும் சொன்னார்.

வண்டியை முழுதாக வாங்கிவிடலாம் என்று ஆசிரியர் சொன்னார். நான் மறுத்தேன், சேஸிஸின் நடு முதுகு கையால் கிள்ளினால் உதிரும் அளவுக்குத் துருவேறியிருந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. ஆர்.சி. புத்தகத்துக்காகவும் சேஸிஸ் எண் தகட்டுக்காகவும் கூண்டுகளை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வண்டியின் எண்ணை வேறொரு வண்டிக்கு மாட்டுவது எங்கள் கூட்டத்துக்கு ஒவ்வாத வேலை. எனவே பாகங்களுக்கு மட்டும் விலை பேசி, எடுத்தவை இன்னவை என்று எழுதி, தேதியிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றை ஆளுக்கொரு நகலாக வைத்துக்கொண்டோம். எண் தகட்டைப் படம் மட்டும் எடுத்தோம், தொடவில்லை. அழிந்துபோன வண்டியைப் பற்றிப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்வதை எடுத்துச்சொல்லி, அதற்கான மனுவையும் ஆசிரியரே அம்மாளுக்கு எழுதிக்கொடுத்தார்.

சட்டம் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டு செல்லுபடி. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே நீடிக்கும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. மூல வடிவம் கெடாமல் இருப்பதே தகுதி என்றாகிவிட்டதால், இப்போது ஒரு ஹெரால்டுக்கு மாருதியின் முன்பக்கத்தைப் பொருத்திவிடலாம் என்ற பழைய பட்டறை யோசனைக்கு இடமில்லை. மூலப் பாகம் தேடுவது ஆசைக்கான வேலையாக இருந்த காலம் போய், காகிதத்துக்கான வேலையாகவும் மாறியிருக்கிறது.

கழற்றும் வேலை இரண்டு ஞாயிறுகளை எடுத்துக்கொண்டது. ஜாக்கி மண்ணில் இறங்கியதால் பனங்கட்டை வெட்டி அடியில் கொடுத்தோம். மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஒரு வாரம் முன்பே ஊற்றி ஊறவிட்டிருந்தும், ட்ரன்னியனைச் சக்கரத்தின் கீழ்த் தாங்கு கையான ஆர்மோடு பிணைக்கும் நீண்ட போல்ட் இரு பக்கத்திலும் அதன் குழாய்க்குள்ளேயே ஒட்டிப்போயிருந்தது. கடைசியில் ஹாக்ஸா பிளேடால் இரு ஓரத்திலும் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. இடது பக்கத்தை அறுக்கும்போது மட்கார்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் வெறும் தேரைதான் என்று தெரிவதற்குள் மண்டிக்காரர் வரப்பைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார்.

இரு பக்கத் தண்டுகள், ட்ரன்னியன்கள், நான்கு கதவுக் கைப்பிடிகள், காற்றுத்தடுப்புக் கண்ணாடி, டிக்கி மூடியின் கீல்கள், ஒரு வாளி நிறையப் போல்ட்டும் நட்டும். எல்லாவற்றையும் மூன்று கோணிப்பைகளில் போட்டு எடுத்து வந்தோம். எந்தப் பக்கத்துப் பாகம் எது என்று சீட்டுக் கட்டவில்லை. இந்த ஆய்வில் எங்கள் மீது நாங்களே சுமத்திக்கொள்ளும் முதல் குற்றம் அது.

ஓசூர் லேத்தில் நடந்தது

தோப்பு வண்டியின் ட்ரன்னியன்களில் மரை தேய்ந்து ஆடியது. தண்டுகள் பார்வைக்கு நன்றாக இருந்தன. எனவே தண்டை அப்படியே பயன்படுத்திக்கொண்டு, குடுவையை மட்டும் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புதிதாகக் கடைந்துகொள்வது என்று முடிவு செய்தோம். சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து ஓசூரில் லேத்துகளுக்குக் குறைவில்லை. தரப் பரிசோதனை இளைஞருக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள பெரியவர் ஒருவர் வேலையை ஏற்றார். இளைஞர் வேலைக்குப் போகும் அவசரத்தில் கோணியிலிருந்து ஒரு தண்டை உருவி, இதுதான் இடது என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வாரம் கழித்து வந்த குடுவை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. கொடுத்த தண்டில் வெண்ணெயாக ஏறியது. என் வண்டியின் இடது பக்கத்தில் எஞ்சியிருந்த முறிந்த துண்டில் ஏறவே இல்லை. ஹெரால்டில் வலது பக்கத் தண்டுக்கு வலது மரை, இடது பக்கத் தண்டுக்கு இடது மரை. நாங்கள் மாதிரிக்குக் கொடுத்தது வலது. பெரியவர் சிரிக்கவில்லை. தண்டை நிமிர்த்திப் பிடித்து, மரையின் கோடு வலப்பக்கம் ஏறினால் வலது, இடப்பக்கம் ஏறினால் இடது என்று காட்டிவிட்டு, மிச்சமுள்ள தண்டையும் கொண்டுவரச் சொன்னார். அவர் தலையை ஆட்டிய விதத்தில் ஐந்து பேரும் பள்ளிப் பிள்ளைகளாகிவிட்டோம்.

இடது தண்டை வாங்கியவர் உடனே லேத்தில் ஏற்றவில்லை. பெட்ரோலால் கழுவி, கம்பித் தூரிகையால் மரைப் பள்ளங்களைச் சுரண்டி, மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து, எடுத்து, வேட்டித் துணியால் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, கரும்பலகைச் சுண்ணாம்புக் கட்டியை உரசி மரை முடியும் இடத்தில் வெள்ளையாகப் பூசினார். பிறகு சும்மா வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் வெள்ளைப் பூச்சின் மீது, பென்சிலால் கோடு கிழித்ததைப் போல, கால் அங்குல நீளத்துக்கு ஈரக் கோடு ஒன்று தானாகத் தோன்றியது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெயைச் சுண்ணாம்பு வெளியே இழுத்திருக்கிறது. என் தண்டு முறிந்த அதே இடம்.

இளைஞர் நம்பவில்லை. தன் தொழிற்சாலையில் பயன்படுத்தும் சிவப்புச் சாயக் குப்பியையும் வெள்ளைத் தெளிப்பானையும் தனியாக வாங்கிவந்து, மறுநாள் அதே சோதனையைச் செய்தார். சாயம் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துடைத்து, வெள்ளையைத் தெளித்தபோது சிவப்புக் கோடு இன்னும் தெளிவாக, சுண்ணாம்பு காட்டியதைவிடச் சற்று நீளமாகவே தெரிந்தது. வலது தண்டில் இரண்டு சோதனையிலும் எதுவும் தோன்றவில்லை.

இந்தப் புள்ளியில்தான் எங்களுக்குள் தர்க்கம் முற்றியது. விரிசலை அரைத்தெடுத்து, வெல்டு நிரப்பி, மரையைத் திரும்ப வெட்டிக்கொள்ளலாம் என்பது ஆசிரியரின் வாதம். அம்பாசடருக்கு அவர் இதைப் போல எத்தனையோ செய்து பார்த்தவர். அடித்துருவாக்கிய எஃகின் பதம் வெல்டின் சூட்டில் மாறிவிடும் என்பதும், விரிசல் பிறக்கிற மரைப் பள்ளத்திலேயே அந்தச் சூடு விழும் என்பதும் என் மறுப்பு. பெரியவர் இருவரையும் கேட்டுவிட்டு, “இதுல நான் கை வெச்சா, நாளைக்கு ரோட்ல கேக்கறவனுக்கு யார் பதில் சொல்றது?” என்று தண்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். தர்க்கம் அதோடு முடிந்தது.

தோப்பு வண்டி ஓடாமல் நின்ற வண்டி. என் வண்டி ஓடிக்கொண்டிருந்த வண்டி. இரண்டிலும் ஒரே பாகம், ஒரே இடத்தில், ஒரே விதமாகப் பழுதடைந்திருந்ததைப் பார்த்தபின், மூன்றாவது ஹெரால்டு ஒன்றைத் தேடிப் போவதில் பொருள் இல்லை என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் போனோம். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு முழு நாள், பெங்களூர் சிவாஜிநகரில் அரை நாள். புதுப்பேட்டையில் எண்ணெய்க் காகிதம் சுற்றிய, மாட்டப்படாத தண்டு ஒன்று கிடைத்தது. கடைக்காரர் இடது என்று அடித்துச் சொன்னார். நிமிர்த்திப் பிடித்தேன். கோடு வலப்பக்கம் ஏறியது. பெங்களூரிலும் கிடைத்த ஒன்று வலதுதான். இடதுபுறமாக ஓட்டும் நம் சாலைகளில் ஓரத்துப் பள்ளங்கள் அத்தனையும் இடது சக்கரத்தின் பங்குக்கே வருகின்றன. இடது தண்டுகள் முன்னதாகத் தீர்ந்துபோக அதுவே காரணம் என்பது என் ஊகம்.

மாதிரியாக மாறிய பாகம்

கடைசியில் இங்கிலாந்திலிருந்து இரு பக்கத்துக்கும் புதிய தண்டுகளும் ட்ரன்னியன்களும் வரவழைத்தோம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற வண்டிகளுக்கும் இதே அமைப்புத்தான் என்பதாலும், லோட்டஸ் நிறுவனம்கூடத் தன் எலான் காருக்கு டிரையம்ஃபின் தண்டையே எடுத்துக்கொண்டது என்பதாலும், அங்கே இந்தப் பாகத்துக்குத் தேவை ஓயவில்லை. புதிதாகச் செய்து விற்கிறார்கள். கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்தபோது செலவு பாகத்தின் விலையைப் போல இரண்டு மடங்கை நெருங்கியது. ஐந்து மாதம் அலைந்த பெட்ரோல் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்த்த மண்டிக்காரர், அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்படியானால் தோப்பில் செய்த வேலை வீணா என்று கேட்டால், இல்லை என்பேன். சென்னையில் உருவான வண்டி இங்கிலாந்து வண்டியோடு எல்லா அளவிலும் ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஸ்டப் ஆக்சில் அமரும் கூம்புத் துளையின் இரு விட்டங்கள், மேல் துளைக்கும் கீழ் மரைக்கும் இடையிலான தூரம், பிரேக் தட்டைப் பிடிக்கும் துளைகளின் இடைவெளி ஆகிய அனைத்தையும் அந்த விரிசல் விழுந்த தண்டில்தான் அளந்து, படம் எடுத்து அனுப்பிச் சரிபார்த்தோம். என் வண்டியின் தண்டோ வளைந்து முறிந்திருந்ததால் அளவுக்கு உதவாது. பழைய பாகத்தை மாட்டுவதற்காகத் தேடினோம்; அளப்பதற்கு அது தேவைப்பட்டது.

கோணியில் வந்தவற்றில் அதிகம் பயன்பட்டவை போல்ட்டும் நட்டும். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரேக் தட்டைக் கழற்றியபோது, பதினாறில் ஐந்து அங்குல போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஒன்று இருந்தது. விட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். ஆனால் அங்குல போல்ட்டின் மரை ஓர் அங்குலத்துக்கு 24, மில்லிமீட்டர் போல்ட்டின் மரை ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு ஒன்று. இரண்டு சுற்று வரை இனிதாக ஏறும். மூன்றாவது சுற்றில் ஸ்பானர் இறுகுவதைப் பார்த்து, நன்றாகப் பிடித்துவிட்டது என்று மெக்கானிக் நினைத்துக்கொள்வார். உண்மையில் மரையை அரைத்துக்கொண்டிருப்பார். தோப்பு வண்டியின் வாளியிலிருந்து எடுத்த சரியான போல்ட்டுகளில் நல்லவற்றைத் தேர்ந்து, கதவு, கீல், மட்கார்டு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினோம். பிரேக் தட்டுக்கும் ஆர்முக்கும் மட்டும் அதே அளவில் புதியவை வாங்கினோம்.

இப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கழற்றியதும் ஒவ்வொரு பாகத்திலும் பெயின்ட்டால் இடது, வலது எழுதிவிட்டுத்தான் கோணியைத் திறக்கிறோம். ஸ்டியரிங், பிரேக், சக்கரம் ஆகிய மூன்றையும் சேர்ந்த பழைய எஃகு எதுவானாலும் முதலில் ஓசூர்ப் பெரியவரின் மண்ணெண்ணெய் டப்பாவுக்குப் போகிறது. அங்கே தேறியதும்கூட உதிரியாக அலமாரியில்தான் இருக்கும். இந்த இரண்டாவது விதியில் ஆசிரியருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. தேறியதை மாட்டாமல் வைப்பது கஞ்சத்தனம் என்கிறார். தவறாகக் கடைந்த வலது கன்மெட்டல் குடுவையும் தேறிய வலது தண்டும் அந்த அலமாரியில் ஒன்றன் மேல் ஒன்று திருகி நிற்கின்றன.

தை மாதம் வண்டி ஓடத் தொடங்கியதும் போச்சம்பள்ளித் தோப்புக்கு ஐவரும் போனோம். அம்மாள் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நிறம் தன் வீட்டு வண்டியின் நிறம் இல்லை என்றார். ஒரு சுற்று வரும்படி அழைத்தேன். முன்கதவில் அவருடைய வண்டியின் கைப்பிடியைத்தான் மாட்டியிருந்தோம், அதைச் சொல்லவில்லை. அவர் பொத்தானை அழுத்தி, கதவை ஒரு விரற்கடை மேல்நோக்கித் தூக்கிவிட்டுத் திறந்தார். என் வண்டியின் கீல்கள் இறங்காதவை, தூக்கத் தேவையில்லை. “அவரு வண்டியில தூக்கினாத்தான் கண்ணு தெறக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.